என் மகளின் அறையில் கேட்ட ஆண்குரல் குறித்து

குழந்தையின் தகப்பனாகிய நான், வயது முப்பத்தாறு, தொழில் பேருந்து ஓட்டுநர், பணிமனைக்கு எதிரே உள்ள குடியிருப்பின் மூன்றாவது மாடியில் மனைவியோடும் மூன்றரை வயது மகளோடும் வசித்து வருகிறேன். மேற்படி வழக்கில் என்னை விசாரிக்க, நான் சொல்வதாவது:

என் மனைவி வீட்டிலேயே துணி தைத்துக் கொடுப்பவர். தையல் மெஷின் ஓடும்போது பக்கத்து அறையில் குழந்தை எழுந்தால் காதில் விழாது என்பதால், செல்போன் வழியாகப் பார்க்கவும் பேசவும் கூடிய கேமரா ஒன்றை வாங்கி, மகளின் அறைச் சுவரில் நான்தான் மாட்டினேன். அப்போதே என் மைத்துனர், "காசு குடுத்து யாரையோ வீட்டுக்குள்ள கூட்டிட்டு வந்து உக்கார வைக்கிறீங்க மச்சான், இதையெல்லாம் சட்டம் போட்டுத் தடுக்கணும்" என்றார். என்னோடு பணிபுரியும் நடத்துனரோ, தன் வீட்டு ஃபிரிட்ஜ்கூட செல்போனுக்குச் செய்தி அனுப்புவதாகவும், தன் மனைவி அந்த அளவுக்குக்கூடப் பேசுவதில்லை என்றும் சொல்லிச் சிரித்தார். நான் நடத்துனர் பக்கம்தான் இருந்தேன்.

சம்பவத்தன்று மதியம் நான் வண்டியில் இருந்தேன். மனைவி தைத்துக்கொண்டிருந்தபோது, மகளின் அறையில் ஒரு ஆண் பேசுவது கேட்டு, கையில் இருந்த கத்தரிக்கோலோடு உள்ளே ஓடியிருக்கிறார். அறையில் யாரும் இல்லை. மகள் தரையில் உட்கார்ந்து கேமராவைப் பார்த்துப் பேசிக்கொண்டிருந்தாள். அதிலிருந்து அந்தக் குரல், "அம்மா, முதல்ல ஜன்னலைச் சாத்துங்க. பயப்படாதீங்க. நான் சலூன் வச்சிருக்கேன், என் நம்பரை எழுதிக்குங்க" என்று சொல்லி, நம்பரை நிதானமாகத் திருப்பித் திருப்பிச் சொல்லியிருக்கிறது. மனைவி ஜன்னலைச் சாத்திவிட்டு, கேமராவைச் சுவரிலிருந்து பிடுங்கிவிட்டு, எனக்கு போன் செய்து அழுதார். அதன் பிறகு காவல் நிலையத்துக்குப் போய்ப் புகார் கொடுத்தார். நான் வந்து சேர்ந்தபோது எனக்கும் ஆத்திரம் தாங்கவில்லை. அந்த ஆள் கையில் கிடைத்தால் என்ன செய்வேன் என்று காவலர் முன்னிலையிலேயே சொன்னேன்.

அந்த நம்பருக்குக் காவலர் அழைத்ததும் சலூன்காரர் கடையைப் பூட்டிக்கொண்டு தானாகவே வந்தார். சட்டையில் முடி ஒட்டியிருந்தது. அவர் போனை வாங்கி வைத்துக்கொண்டார்கள். அதன் பிறகு ஆய்வாளர் கேமராவில் பதிவானதைப் போட்டுக் காட்டினார்.

அதில் என் மகள் தூங்கி எழுந்து, முக்காலியை இழுத்துப் போட்டு ஜன்னல் கட்டையில் ஏறுகிறாள். எங்கள் ஜன்னலுக்குக் கம்பி கிடையாது. கொக்கியை எடுத்துவிட்டு ஒரு காலை வெளியே போடுகிறாள். அப்போது "ஏய்" என்று ஒரு சத்தம் வந்து, உடனே நின்றுபோகிறது. ஒரு மூச்சு விடும் நேரம் ஒன்றுமே கேட்கவில்லை. அதன் பிறகு அதே குரல், கொஞ்சுகிற மாதிரி, "பாப்பா, உன் பொம்மை தரையில கிடக்குது பாரு. அதுக்குக் குளிருதாம். வந்து போத்திவிடுறியா?" என்கிறது. என் மகள் திரும்பிப் பார்க்கிறாள். யோசிக்கிறாள். காலை உள்ளே எடுத்துக்கொண்டு, வந்த வழியே இறங்கிப் போய்ப் பொம்மைக்குத் துண்டைப் போர்த்துகிறாள். நானாக இருந்தால் கத்தியிருப்பேன். கத்தியிருந்தால் அவள் கை நழுவியிருக்கும்.

சலூன்காரரின் மனைவி நிறைமாத கர்ப்பிணி. படுக்கையை விட்டு எழுந்திருக்கக் கூடாது என்பது மருத்துவர் உத்தரவு. கடையில் இருந்தபடியே அவரைப் பார்த்துக்கொள்ள இவரும் அதே நிறுவனத்தின் கேமராவைத்தான் வாங்கியிருக்கிறார். முந்தின நாளிலிருந்து அவர் போனில் மனைவிக்குப் பதில் எங்கள் அறை தெரிந்திருக்கிறது. உடனே மூடிவிட்டு நிறுவனத்துக்கு எழுதியதற்கு, "உங்கள் கருத்துக்கு நன்றி" என்று மட்டும் பதில் வந்ததை ஆய்வாளர் அவர் போனிலேயே பார்த்தார். சரியாகிவிட்டதா என்று அன்று மதியம் மறுபடி திறந்ததாகச் சொன்னார். "மூடிடணும்னுதான் சார் கை போச்சு. அதுக்குள்ள பாப்பா கால் தெரிஞ்சுது" என்றார். அப்போது அவரிடம் சவரம் செய்துகொண்டிருந்த வாடிக்கையாளரும், முகத்தில் பாதி நுரையோடு தானும் போனில் அதைப் பார்த்ததாகச் சொல்லியிருக்கிறார்.

ஒருவர் வீட்டை இன்னொருவருக்குத் திறந்துகாட்டும் நிறுவனத்தைக் கேள்வி கேட்கச் சட்டம் வேண்டும் என்பதில் மைத்துனரோடு இப்போது எனக்குச் சண்டை இல்லை. ஆனால் எங்கள் வீட்டுக்குள் பார்த்தார் என்ற குற்றத்தை இந்த மனிதர் மேல் போடுவது நியாயமில்லை. இப்படி ஒரு ஆள் அன்று பார்த்ததற்கு நான் கும்பிடு போடுகிறேன். வழக்கில் நிறுவனத்தைச் சேர்க்கவும், அவரை விடுவிக்கவும், அவர் போனைச் சீக்கிரம் திருப்பித் தரவும் கேட்டுக்கொள்கிறேன்.

புகார் கொடுத்த என் மனைவி இன்று என்னோடு ஏன் வரவில்லை என்று கேட்டதற்குச் சொல்கிறேன். போன் இங்கே இருப்பதால் சலூன்காரரால் மனைவியைப் பார்த்துக்கொள்ள முடியவில்லை. கடையைப் பூட்டிவிட்டு வீட்டில் இருக்கவும் வழியில்லை. அதனால் என் மனைவி கைத்தையல் வேலையை எடுத்துக்கொண்டு, மகளையும் கூட்டிக்கொண்டு தினமும் அந்த வீட்டில் போய் உட்கார்ந்துகொள்கிறார். இன்று கிளம்பும்போது போனில் கூப்பிட்டதற்கு, "ஸ்டேஷனுக்கு நீங்க போங்க. அந்தப் பொண்ணுக்குக் காலையிலிருந்து வலி இருக்கு, நான் நகர மாட்டேன்" என்று சொல்லிவிட்டார்.

நான் சொன்னபடியே இது எழுதப்பட்டது. வாசிக்கக் கேட்டேன். கூட்டியோ குறைத்தோ எதுவும் எழுதப்படவில்லை, எல்லாம் உண்மை என்று ஒப்புக்கொண்டு கீழே கையெழுத்திடுகிறேன்.

(ஒப்பம்)
குழந்தையின் தகப்பன்