மாமாவுக்கு வந்த மெசேஜ்

தண்ணின்னா வெறும் தண்ணி இல்ல தம்பி, சோப்புத் தண்ணி. நான் ஆஸ்பத்திரி சலவைக் கூடத்துல வேலை பாக்குறேன். பெட்ஷீட் ஊறவைக்கிற தொட்டி இருக்கும், இடுப்பு உசரத்துக்கு, அதுக்குள்ள போன் விழுந்துடுச்சு. உடனே எடுத்துட்டேன். உடனேன்னா, ஒரு அஞ்சு நிமிஷம் ஆகியிருக்கும், மேல கிடந்த துணியெல்லாம் அள்ளிப் போட்டுட்டுத்தானே தேட முடியும். இல்லல்ல, ஆன் பண்ணிப் பாக்கலை. சரி, ஒரே ஒரு தடவை பண்ணேன். முறைக்காதீங்க.

புதுசெல்லாம் வேண்டாம். இதுல போட்டோ ஒண்ணும் கிடையாது, மெசேஜ் மட்டும் அழியாம இருந்தாப் போதும். ஒரு மணி நேரம் ஆகுமா? ஆகட்டும், லீவு சொல்லிட்டுத்தான் வந்திருக்கேன். நீங்க திருகாணியைக் கழட்டுங்க, நான் என் பாட்டுக்கு உக்காந்திருக்கேன்.

அய்ய, இதை இங்கயும் ஒட்டிட்டாங்களா? உங்க கண்ணாடிக் கதவுல ஒட்டியிருக்காங்களே, கேட்டுட்டா ஒட்டினாங்க? யுனிவர்சிட்டி போஸ்டர்தான், ஊரு பூரா இதே மூஞ்சிதான். அழியும் மொழிக்கு உயிர் தந்த அம்மையார். அம்மையாராம். சால்வையைப் போத்திக்கிட்டு, தூரத்துல எதையோ பாக்குற மாதிரி ஒரு பார்வை வேற. பக்கத்துல கழுத்துல மைக்கோட சிரிச்சுக்கிட்டு ஒரு பொண்ணு நிக்குது பாருங்க, அது என் பொண்ணு.

பெருமைதான், இல்லைன்னு சொல்லலை. வயிறும் எரியுது. ரெண்டும் ஒண்ணாத்தான் இருக்கு, என்ன பண்றது.

எங்க மொழி தம்பி அது. நாம இப்பப் பேசிட்டிருக்கோமே, இது இல்ல. எங்க ஆளுங்க மலையில இருந்தப்போ பேசினது. கீழ இறங்கி வந்ததுல ஒவ்வொருத்தரா விட்டுட்டாங்க. இப்போ அதைப் பேசத் தெரிஞ்ச கடைசி ஆளு இந்த அம்மாதானாம். நான் அவளை லீடர்னுதான் சொல்லுவேன். நாங்க ரெண்டு பேரும் ஒரே ஹாஸ்டல் ஸ்கூல்ல படிச்சோம், அவ கிளாஸ் லீடர். எங்க மொழியில யாராவது வாயைத் தொறந்தா பேரை எழுதி வார்டன் கையில குடுக்கணும், அதுதான் அவ வேலை. பேரு வந்தவங்க சாப்பாட்டு ஹால்ல சுவரைப் பாத்து நிக்கணும், மத்தவங்க சாப்பிட்டு முடிக்கிற வரைக்கும். யாரு அதிகமா நின்னிருப்பான்னு நினைக்கிறீங்க? அந்தச் சுவத்துல எங்கெங்க விரிசல் இருந்துச்சுன்னு இப்பக் கேட்டாலும் சொல்லுவேன். அவளும் என்ன பண்ணுவா, எழுதலைன்னா அவ நிக்கணும். அது எனக்குப் புரியுது. அவ போட்டோ போஸ்டர்ல வந்திருக்கே, அதுதான் புரிய மாட்டேங்குது.

ஏன் அவ மட்டும்னா, கணக்கெடுக்க வந்தாங்க. பதினஞ்சு வருஷம் இருக்கும். வீடு வீடா, கையில ஃபாரத்தோட. இந்த வீட்ல யாருக்காவது அந்த மொழி தெரியுமான்னு கேட்டாங்க. பேனாவைக் கையில பிடிச்சுக்கிட்டு ஒருத்தர் அதைக் கேட்டா எனக்கு அந்தச் சுவருதான் கண்ணு முன்னாடி வருது. தெரியாதுன்னுட்டேன். ஒரு வார்த்தைகூடத் தெரியாதுன்னேன். பொண்ணு அப்போ நாலாவது, பக்கத்துல உக்காந்து வீட்டுப்பாடம் எழுதிட்டிருந்தா. தெருக்கோடியில லீடர் வீடு. அவ தெரியும்னு சொன்னா. இந்தத் தடவை அவ பேரை எழுதிக்கிட்டாங்க.

ஆமா, தெரியும். எட்டு வயசு வரைக்கும் எனக்கு வேற மொழியே தெரியாது.

பொண்ணுகிட்டச் சொல்லியிருக்கலாம்தான். உங்களுக்குப் பிள்ளைங்க இருக்கா? சின்னதுங்களா, அப்போ இன்னும் மாட்டலை நீங்க. இவ வளந்து யுனிவர்சிட்டிக்குப் போய், எத்தனையோ படிப்பு இருக்க, இதைப் போய்ப் பிடிச்சுக்கிட்டா. அம்மா, உனக்குக் கொஞ்சமாவது ஞாபகம் இருக்கான்னு கேட்டா. அன்னிக்குத் தெரியும்னு சொன்னா, அடுத்த கேள்வி என்ன கேப்பா? அப்போ இத்தனை வருஷம் என்கிட்ட ஏன் பேசலைன்னு கேப்பாளா மாட்டாளா? தெரியாதுன்னேன். சரிம்மான்னுட்டு நேரா லீடர் வீட்டுக்குப் போயிட்டா.

அந்தப் படிப்புல ஒரு முறை வச்சிருக்காங்க. தெரிஞ்சவங்க ஒருத்தர், கத்துக்கறவங்க ஒருத்தர், ஜோடி சேத்து விட்டுடுவாங்க. வாரத்துக்கு இருபது மணி நேரம் ஒண்ணாவே இருக்கணும், அந்த நேரத்துல வேற மொழி வாயில வரக்கூடாது. தெரியலைன்னா கையைக் காட்டலாம், நடிச்சுக் காட்டலாம். நோட்டு, புத்தகம் ஒண்ணும் கிடையாது. சமைக்கிறது, துணி மடிக்கிறது, கடைக்குப் போறது, எல்லாம் அதுலதான். நான் வேலை முடிஞ்சு வர்ற வழியில அவ வீட்டு சமையக்கட்டு ஜன்னல் தெரியும். என் பொண்ணு வெங்காயம் உரிச்சுக்கிட்டு நிப்பா. எங்க வீட்ல வெங்காயக் கூடை எந்த மூலையில இருக்குன்னு அவளுக்குத் தெரியாது. லீடர் கத்தியை வாங்கி இப்படி நறுக்குன்னு காட்டுவா, இவ ஏதோ சொல்லுவா, ரெண்டும் விழுந்து விழுந்து சிரிக்கும். நான் பையைக் கை மாத்துற மாதிரி நின்னு கேட்டுட்டுப் போவேன். ஒரு நாள் பின்பக்கமா சுத்திப் போய்க் குப்பைத் தொட்டிகிட்ட நின்னு கேட்டேன். சொல்லவே வெக்கமா இருக்கு.

போன வருஷம் ஒரு கூட்டம் போட்டாங்க. இவ மேடை ஏறி, எங்கம்மாகிட்ட இருந்து இந்த மொழியைப் பிடுங்கிட்டாங்க, ஒரு சொல்லுகூட மிச்சம் வைக்கலை, என் தாய்மொழியை நான் இவங்ககிட்ட இருந்துதான் வாங்கிக்கிட்டேன்னு லீடர் கையைப் பிடிச்சுக்கிட்டு அழுதா. கூட்டமே கை தட்டுது. என்னை எழுந்து நிக்கச் சொன்னாங்க. நின்னேன். லீடர் மேடையில இருந்து என்னைப் பாத்தா. அவளுக்குத் தெரியாதா, எத்தனை தடவை என் பேரை எழுதியிருக்கா. தலையைக் குனிஞ்சுக்கிட்டா. காட்டிக் குடுத்திருந்தாக்கூடத் தேவலை. அந்தப் பெருந்தன்மைதான் எனக்கு இன்னும் ஆறலை.

இத்தனைக்கும் அவ பேசறது ஒண்ணும் அவ்ளோ சுத்தம் கிடையாது. வெள்ளிக்கிழமையானா அவ சொன்ன ஒரு கதையை யுனிவர்சிட்டியில நெட்டுல போடுவாங்க. ஒரு வாரம் போட்டது, ஆத்தைக் கடக்கிற அக்கா தங்கச்சி கதை. அது எங்கம்மா கதை தம்பி. லீடர் எங்க வீட்டுக்கு வந்து உக்காந்து கேட்டதுதான். கீழ சொன்னவர்னு அவ பேரு. அதுகூடப் போகட்டும். தங்கச்சி வெள்ளத்துல போயிட்டா, அக்கா அழுதா, அவ்ளோதான்னு முடிச்சுட்டா. எங்க முடிஞ்சுது? அக்கா கரையோரமாவே ஏழு நாள் நடப்பா. எட்டாம் நாள் ஒரு மணல் திட்டுல தங்கச்சி மீன் சுட்டுக்கிட்டு உக்காந்திருப்பா, ஏன்க்கா இவ்வளவு லேட்டுன்னு கேப்பா. அந்தக் கேள்விக்காகத்தான் கதையே. அதை விட்டுட்டா என்ன இருக்கு?

லீடரையாவது சின்ன வயசுல இருந்து தெரியும். இப்போ புதுசா ஒருத்தர் முளைச்சிருக்கார். அந்தக் கதைங்களுக்குக் கீழ ஒரு நம்பர் இருக்கும், உங்க வீட்ல இதை வேற மாதிரி சொல்லுவாங்களா, எழுதி அனுப்புங்கன்னு. பொண்ணுதான் அந்த நம்பரைப் பாத்துக்கறா. யாரோ ஒருத்தர் அந்த ஆத்துக் கதையோட மிச்சத்தை எழுதி அனுப்பிட்டார், எங்க மொழியிலயே. பேரு இல்ல, ஊரு இல்ல. இன்னொருத்தர் இருக்கார்னு இவளுக்குத் தலைகால் புரியலை. ரெண்டே நிமிஷத்துல பதில் போட்டிருக்கா தம்பி. சாப்பிட்டியான்னு மத்தியானம் நான் கேட்டா எனக்குச் சாயந்திரம் ஒரு கட்டைவிரல் படம் வரும்.

எங்கயோ மலையோரத்துல தனியா இருக்கிற வயசான ஆம்பளைன்னு இவளா நினைச்சுக்கிட்டு மாமான்னு கூப்பிட ஆரம்பிச்சுட்டா. எட்டு மாசமா காலையில எந்திரிச்சா மாமா, படுக்கப் போனா மாமா. மொதல்ல வார்த்தை கேட்டுக்கிட்டிருந்தா, அப்புறம் சொந்தக் கதை. கூடப் படிச்ச பையனைக் கட்டிக்கலாம்னு இருந்தாளாம், அவன் வேற ஊர்ல வேலை கிடைச்சதும் பேச்சைக் குறைச்சுக்கிட்டானாம், இவ ஒரு மாசம் சரியாத் தூங்கலையாம். அப்படி ஒருத்தன் இருந்ததே எனக்குத் தெரியாது. ஒரே வீடு, ஒரே பாத்ரூம். ஏன்டி கண்ணு வீங்கியிருக்குன்னு கேட்டா ஒண்ணுமில்லைம்மாம்பா. மாமாவுக்குப் பக்கம் பக்கமா எழுதறா. அவரும் சளைக்காம ஆறுதல் சொல்லிட்டிருக்கார். யாருன்னே தெரியாத ஆளு. எனக்கு வரவேண்டியதெல்லாம் அங்க போகுது, என் வயிறு எரியாம என்ன பண்ணும்?

இப்போ குரல் வேணுமாம். எழுதினது போதும் மாமா, ஒரு தடவை பேசி அனுப்புங்கன்னு ஒரே நச்சரிப்பு. தொண்டை சரியில்லை, ரெக்கார்டு பண்ணத் தெரியாதுன்னு மாமா சாக்கு சொல்லிக்கிட்டே வந்தார். முந்தாநேத்து இவ ஒரு கேள்வி கேட்டா. மாமா, உங்களுக்குப் பிள்ளைங்க உண்டா, அவங்ககிட்ட நம்ம மொழியில பேசியிருக்கீங்களா, எங்கம்மாவுக்கு மட்டும் தெரிஞ்சிருந்தா என்கிட்டப் பேசாம இருந்திருக்க மாட்டாங்கன்னு கேட்டா.

எனக்கு எப்படித் தெரியும்னா?

கையில வச்சிருக்கீங்களே தம்பி, அதுதான் மாமாவோட போன். இதுக்குன்னே தனியா வாங்கினேன்.

நேத்து சாப்பாட்டு நேரத்துல எல்லாரும் வெளிய போனப்புறம் தொட்டி ஓரமா நின்னு பதில் சொன்னேன். எழுதத்தான் பாத்தேன், கை வரலை. பட்டனை அமுக்கிப் பிடிச்சுக்கிட்டுப் பேசிட்டேன், நாலு நிமிஷம். அம்பது வருஷத்துல இப்பத்தான் அதுல சத்தமாப் பேசறேன். என் குரலு அவளுக்குத் தெரியாதா, மொத வார்த்தையிலயே தெரிஞ்சுடும். தெரியட்டும்னுதான் பேசினேன். முடிச்சு விரலை எடுத்தேன், சோப்புக் கையில வழுக்கி உள்ள விழுந்துடுச்சு. ராத்திரி பொண்ணு வந்தா, சாப்பிட்டா, தட்டைக் கழுவி வச்சுட்டுப் போய்ப் படுத்துட்டா. கேட்டுட்டுத்தான் ஒண்ணும் சொல்லலையா, இல்ல அது போகவே இல்லையா?

வெளிச்சம் வந்துடுச்சா? இல்ல, என்கிட்டக் குடுக்காதீங்க, நீங்களே பாருங்க. போட்டுக் கேட்டாலும் உங்களுக்குப் புரியாது. போய்ச் சேந்துச்சான்னு மட்டும் சொல்லுங்க.