டிராகன் இருந்தும் எரிந்த கோட்டை

திருவொற்றியூரிலிருந்து ராயபுரம் போகும் பஸ், கன்டெய்னர் லாரிகளுக்குப் பின்னால் நகராமல் நின்றது. என் முன் சீட்டில் இருவர். ஒருவர் விசைப்படகில் மீன்பிடிக்கப் போகிறவர். சட்டையில் துரு அப்பியிருந்த மற்றவருக்கு சாத்தாங்காடு இரும்பு மார்க்கெட்டில் வேலை.

"நேத்து என் கோட்டையக் கொளுத்திட்டான் மாமு," என்றார் படகுக்காரர்.

நான் போனைப் பைக்குள் வைத்தேன்.

"ஒன் கேம்ல கேடயம் இல்லியா? என்துல அதப் போட்டுட்டா எட்டு மணி நேரம் எவனும் கிட்ட வர முடியாது. இன்னா, படைக்கு சோறு போட்டே தாவு தீந்துடுது."

"என்துல டிராகன் கீது. கேடயம் இன்னாத்துக்கு?"

"டிராகன வெச்சிகினா கோட்டைய வுட்ட?"

"எதிரி ராஜா, அம்மா செத்துட்டாங்கன்னு கேம் சாட்டுல மெசேஜ் போட்டான். குப்பத்துல சாவு வுழுந்தா நாம கடலுக்குப் போவமா? அதான், இன்னிக்கு சண்டை கெடையாதுன்னு எங்க ஆளுங்க முப்பது பேருக்கும் சொல்லிட்டேன். டிராகனையும் தூங்க வெச்சிட்டேன்."

"அப்ப யாரு கொளுத்துனது?"

"அவன்தான்."

"அம்மா செத்தவனா?"

"ஆமா."

இரும்புக்காரர் சிரித்த சிரிப்பில் கண்டக்டர் திரும்பிப் பார்த்தார்.

"ஒன்ன நல்லா டபாய்ச்சிக்கிறான். அவங்கம்மா சாவவே இல்ல."

"மெய்யாலுமா?"

"பின்ன? சாவு வூட்டுல குந்திகினு எவனாவது கோட்டையக் கொளுத்துவானா?"

படகுக்காரரின் முகம் தெளிந்தது.

"அப்ப நல்லதுதான் மாமு. அந்தம்மா உசுரோட கீது."