ஆறாவது ஆல்பம், ஒன்பதாவது பாட்டு

உங்கள் ஜீப்பில் இருக்கிற மைக் செட்டில் ஒரு வயர் லூசாக இருக்கிறது, சார். கம்பம் மெயின் ரோட்டில் என்னை ஏற்றிக்கொண்டு வரும்போதே கவனித்தேன், நீங்கள் பேசப் பேசக் கொரகொரவென்று சத்தம். பத்து நிமிஷ வேலை. நான் இருபத்திரண்டு வருஷமாக ரேடியோ செட் போடுகிறவன், காதில் விழுந்துவிட்டால் மனசு கேட்காது.

நடந்ததை எழுதித் தரச் சொன்னீர்கள். மறைக்க ஒன்றுமில்லை. ஆனால் சிக்கோ பெத்ராசாவைப் பற்றி முதலில் சொல்லாவிட்டால் மற்றது உங்களுக்குப் புரியாது.

பெத்ராசா போர்ட்டோ ரிக்கோ தீவுக்காரர். ஸ்பானிஷில் ராப் பாடுகிறவர். முதலில் ஒரு நண்பரோடு ஜோடியாகப் பாடினார், பிறகு சண்டை போட்டுக்கொண்டு தனியே வந்துவிட்டார். ஜோடியாகப் பாடியதெல்லாம் வெறும் கூச்சல், தனியே பாடியதுதான் பாட்டு. உத்தமபாளையத்தில் தொழிலை விட்ட ஒருவரிடம் பழைய ஆம்ப்ளிஃபயர் ஒன்று வாங்கினேன். அதில் ஒரு பென் டிரைவ் சொருகியபடியே இருந்தது. பெத்ராசாவின் முதல் தனி ஆல்பம். ஒரு வார்த்தை புரியவில்லை. எனக்கு என்றைக்குமே வார்த்தை முக்கியமில்லை, சார். காதுகுத்துக்கும் சடங்குக்கும் பாட்டுப் போட்டே பாதி ஆயுசைக் கழித்தவனுக்கு, நெஞ்சை அதிர வைக்கிற பாஸ் சத்தம் என்றால் என்னவென்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

அவர் தனியாகப் பாடியதற்கு ஒழுங்கான பட்டியல் இணையத்தில் எங்கேயும் இல்லை. இருந்ததெல்லாம் ஒரே ஓட்டை. நான் உட்கார்ந்தேன். ஐந்து ஆல்பம், மூன்று மிக்ஸ்டேப், நாற்பத்தொரு சிங்கிள், அடுத்தவர் பாட்டில் தலையைக் காட்டி நாலு வரி பாடிவிட்டுப் போனது அறுபத்தேழு. வெளிவந்த தேதி, நீளம், யார் இசை, எந்த ஊரில் பதிவு, எல்லாம் போட்டேன். மெக்சிகோவிலிருந்தும் சிலியிலிருந்தும் என்னிடம் சந்தேகம் கேட்பார்கள். இந்த ஊரில் நான் குழாய் ஸ்பீக்கர் கட்டுகிற விஜயபாண்டி. அங்கே என் பேச்சுக்கு எதிர்ப்பேச்சு கிடையாது.

பெத்ராசாவுக்கு இசை போடுகிற ராவுல் அப்படித்தான் பழக்கமானார். அவருடைய சொந்தப் பாட்டின் தேதியையே அவர் தப்பாகப் போட்டிருந்தார், நான் திருத்தினேன். மனுஷன் கோபப்படவில்லை. பிறகு அடிக்கடி பேசிக்கொள்வோம். ஒருநாள் எதிர்த்தெரு துக்க வீட்டில் இருளம்மாள் அத்தை வைத்த ஒப்பாரியைப் போனில் பிடித்து அவருக்கு அனுப்பினேன். சும்மா, நம்ம ஊர்ச் சத்தத்தையும் கேட்கட்டுமே என்று.

மறுநாளே பதில். பெத்ராசாவும் கேட்டாராம். ஆறாவது ஆல்பத்தோடு பாடுவதை நிறுத்தப்போகிறாராம், அதன் கடைசிப் பாட்டான ஒன்பதாவதில் இந்தக் குரல் வேண்டுமாம். ஆனால் நான் அனுப்பியதில் தண்ணீர் மோட்டார் சத்தம். சுத்தமான பதிவு வேண்டும், ஒரே மாதத்துக்குள்.

என் பட்டியலின் கடைசி வரியில், அந்தப் பாட்டுக்கு நேராகக் கம்பம் என்று எழுதலாம். இதை ஒருதரம் நினைத்துப் பார்த்துவிட்ட மனுஷன் அதற்கப்புறம் வேறு எதை நினைப்பான், சார்?

அத்தை ஏலத்தோட்டத்து ஜீப்பிலிருந்து இறங்கி வரும்போது மறித்துக் கேட்டேன். வீட்டுக்கு வந்து ஒருமணி நேரம் பாடினால் போதும் என்றேன்.

“ஏலே விஜயா, ஒனக்குக் கிறுக்குப் பிடிச்சிருச்சா? பொணம் கெடக்காம ஒப்பாரி வச்சா அந்த வீடு வெளங்குமாலே? போ அங்கிட்டு” என்றார்.

நான் சம்பிரதாயத்தை மதிக்கிறவன். வற்புறுத்தவில்லை. காத்திருந்தேன். பதினைந்து நாள் எங்கள் பகுதியில் ஒருத்தரும் சாகவில்லை. தேனி ஆஸ்பத்திரியில் கிடந்த இரண்டு பேர்கூடக் குணமாகித் திரும்பி வந்தார்கள். ஊர் அவ்வளவு ஆரோக்கியமாக இருந்து நான் பார்த்ததே இல்லை.

வீட்டில் அப்பா இருந்தார். செல்லப்பாண்டி, எழுபத்தெட்டு வயது. போன வருஷம் பக்கவாதம் வந்து வலது பக்கம் விழுந்துவிட்டது. அம்மா இல்லை, தங்கச்சி கயல் திருப்பூரில். அள்ளிப்போட்டதெல்லாம் நான்தான். ஊரில் யாரை வேண்டுமானாலும் கேளுங்கள்.

அப்பாவுக்குப் பெத்ராசா பிடிக்காது. “அந்தக் கழுதையக் கட்டுலே” என்று படுத்தபடியே சத்தம் போடுவார். ஒருநாள் நான் ஸ்பீக்கர் சரிபார்த்துக்கொண்டிருந்தபோது, ஆத்திரம் தாங்காமல் கட்டிலைப் பிடித்து எழுந்து நாலு எட்டு நடந்து, தன் கையாலேயே சுவிட்சை அணைத்துவிட்டார். ஆட்டுக்கால் சூப்போடு வந்த இருளம்மாள் அத்தை வாசலில் நின்று பார்த்துவிட்டுக் கைதட்டினார். “அண்ணே நடந்துட்டாக! அண்ணே நடந்துட்டாக!” என்று தெருவுக்கே கேட்டது. நல்ல முன்னேற்றம் என்று டாக்டரும் சொன்னார். நான் மறுக்கவில்லை. ஆனால் எழுபத்தெட்டு வயதில் முன்னேறி எங்கே போவது, சார்?

எங்கள் பக்கத்துச் சில வீடுகளில் இழுத்துக்கொண்டு கிடக்கிற வயசாளிகளைத் தலை நிறைய எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டி, உடம்பு குளிர்ந்து அடங்குகிற வரை இளநீர் கொடுத்து அனுப்பிவைக்கிற வழக்கம் உண்டு. பேப்பரில் அதற்கு என்னவோ பேர் போடுகிறார்கள். உங்களுக்குத் தெரியாததல்ல. அப்பா இழுத்துக்கொண்டு கிடக்கவில்லை என்பது உண்மைதான். அதற்காக நான் எதிலும் குறை வைக்கவில்லை. நல்ல செக்கு எண்ணெயாக வாங்கினேன்.

“என்னலே, இன்னைக்கு இம்புட்டுக் கவனிப்பு?” என்றார் அப்பா. அவர் சிரித்து ரொம்ப நாளாகியிருந்தது. இரண்டாவது இளநீரில் “போதும்லே, குளுருது” என்றார். இன்னும் ஒன்று இருக்கிறது என்றேன். பிள்ளை கொடுத்தால் வேண்டாமென்று சொல்லத் தெரியாத மனுஷன். மறுநாள் மத்தியானம் முடிந்தது. ராவுல் சொன்ன தேதிக்கு ஒன்பது நாள் மிச்சம் இருந்தது.

துக்க வீட்டில் மைக் கட்டுவது எங்கள் ஊரில் புதிதல்ல, அதனால் பந்தல் கம்பில் இரண்டு நல்ல மைக்கைத் தொங்கவிட்டபோது யாரும் எதுவும் கேட்கவில்லை. பெண்கள் வட்டமாக உட்கார்ந்தார்கள். பக்கத்து வீட்டு மோட்டாரை மட்டும் நிறுத்தச் சொல்லிவிட்டு வந்தேன். மகன் செய்ய வேண்டியது நிறைய இருக்கும், ஆனாலும் ஹெட்போனை மாட்டிக்கொண்டு மிக்சர் பக்கத்திலேயே இருந்தேன். இருளம்மாள் அத்தை எடுத்தாரே ஒரு குரல். மிக்சர் மீட்டரில் முள் சிவப்பைத் தொட்டுத் தொட்டுத் திரும்பியது. இந்தத் தொழிலில் இத்தனை வருஷம் இருந்து அப்படி ஒரு சத்தத்தை நான் பிடித்ததில்லை. எனக்கே கண் கலங்கிவிட்டது.

நல்ல இடத்தில் ஒரு பஸ் ஹாரன் வந்து விழுந்தது. “அத்தை, அந்த நாலு வரிய மட்டும் இன்னொரு தடவை” என்றேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு என் முகத்துக்கு நேராக, முன்னைவிட ஓங்கிப் பாடினார். கூட்டம் கப்சிப்பென்று ஆகிவிட்டது. பதிவுக்கு அது ரொம்ப வசதி. அதற்கப்புறம் சொந்தக்காரர்கள் ஒருவரும் எனக்கு முகம் கொடுக்கவில்லை. துக்கம் என்று நினைத்தேன்.

ராவுலுக்கு இரண்டாவது பதிவுதான் பிடித்தது. ஆல்பம் வந்தது. அந்த நாலு வரியைப் பாட்டில் பதினொரு தடவை திருப்பித் திருப்பிப் போட்டிருக்கிறார், கீழே அப்படி ஒரு பாஸ். கல்யாண மண்டபத்திலும் கடற்கரையிலும் அதற்கு ஆட்டமோ ஆட்டம். உங்கள் ஸ்டேஷன் ஏட்டம்மாவின் மகள் அதற்கு ஆடி வீடியோ எடுத்தாளாம், அந்த அம்மாதான் தோசைக் கரண்டியோடு நின்று வார்த்தைகளைக் காது கொடுத்துக் கேட்டாராம். காலையில் நீங்கள் போனில் போட்டுக் காட்டியபோதுதான் நானும் முதல்தடவையாக வார்த்தைகளைக் கேட்டேன்.

நாலு எட்டு நடந்த அண்ணே,
நல்லாத்தானே இருந்த அண்ணே,
எண்ணெ வச்சு எளநி தந்து
எமனா வந்தான் பெத்த மகன்.

நன்றாக விழுந்திருக்கிறது, சார். ஒரு எழுத்துகூடப் பிசிறில்லை. இதை மறுத்து நான் என்ன சொல்வது? பதிவு பண்ணியவனே நான்தானே.

ஆகவே எழுதித் தருகிறேன். செல்லப்பாண்டி மகன் விஜயபாண்டி ஆகிய நான், எழுந்து நடக்க ஆரம்பித்திருந்த என் அப்பாவை, ஒரு பாட்டுக்காக, என் கையால் எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டிக் கொன்றேன். யாரும் தூண்டவில்லை. ராவுலுக்கும் பெத்ராசாவுக்கும் இது தெரியாது, அவர்களைத் தொந்தரவு செய்ய வேண்டாம். குற்றப்பத்திரிகையில் பாட்டைப் பற்றி எழுதும்போது ஆறாவது ஆல்பம், ஒன்பதாவது பாட்டு, குரல் இருளம்மாள், ஒலிப்பதிவு விஜயபாண்டி, கம்பம் என்று முழுசாகப் போடுங்கள். அரைகுறையாக விட்டால் பார்க்கிறவர்களுக்குக் குழப்பம்.

நேற்றோடு நாலு கோடிப் பேர் கேட்டிருக்கிறார்கள், சார். நம்ம வீட்டு முற்றத்துச் சத்தத்தை உலகமே கேட்கிறது. எனக்கு இருக்கிற ஒரே வருத்தம், இதைக் கேட்க அப்பா இல்லையே என்பதுதான். இருந்திருந்தால் என்னை நினைத்து ரொம்பப் பெருமைப்பட்டிருப்பார்.