செராங்கோட செவப்புக் கொடி

...தீக்குச்சியக்கூட விடலண்ணே! சுருட்டு போச்சு, சரி. தீப்பெட்டியுமா? படகுல ஏறுனதும் ஏறாததுமா கைய நீட்டுறாரு அந்த மதார் மைதீன் செராங்கு. படகு அவரு பொறுப்புல்ல, அந்த மிதப்பு! "மண்டோரே, மடியில இருக்கிறதையெல்லாம் எடுங்க"ங்கிறாரு. என்னமோ நான் களவாண்டுட்டு வந்த மாதிரி! எல்லாத்தையும் ஒரு தகர டப்பாவுல போட்டு மூடி, அதுமேலயே தலைய வச்சுப் படுத்துக்கிட்டாரு. சிங்கப்பூருலேர்ந்து போர்ட்டிக்சன் தொறமுகம் வர்ற வரைக்கும் மூணு நாளு... மூணு நாளுண்ணே! ஒரு இழுப்பு இல்ல.

இது மம்பாவ் ஸ்டேஷன்தானே? நீங்க எங்க எறங்கணும்? போர்ட்டிக்சனா? நானும் அங்கதான். நல்லதாப் போச்சுலா, பேசிக்கிட்டே போவலாம்.

நான் நல்லசாமி. ரெம்பாவ் பக்கத்துத் தோட்டத்துல ஸ்டோர் மண்டோரு, மேஸ்திரி மாதிரி. ரப்பர் பால உறைய வைக்கிற ஆசிட்டு, மண்ணெண்ண, டீசலு, எல்லாம் என் பொறுப்புதான். முன்னெல்லாம் லோரியில வந்து எறங்கும். கையெழுத்துப் போடுவேன், சுருட்டப் பத்த வைப்பேன், அவ்ளோதான் வேல. இப்பதான் அவசரகாலமாச்சே. போன மாசம் ரெண்டு லோரிய ரோட்டுலயே மறிச்சு எரிச்சுப்புட்டானுங்க, காட்டுல இருக்கிற கம்னிஸ்ட்டுக்காரனுங்க. ரயில்ல அனுப்பலாம்னா தண்டவாளத்தப் பேத்துடுறானுங்க. நீங்க பயப்படாதீங்க, இந்தப் பக்கம் பேக்க மாட்டானுங்க. மாட்டானுங்கன்னுதான் நெனைக்கிறேன்.

தொரை யோசிச்சாரு. "நல்லசாமி, கடல் வழியாக் கொண்டாந்துடு"ன்னாரு. கொண்டாந்துடுவாம்! கெணத்துலேர்ந்து ஒரு கொடம் தண்ணி கொண்டாற மாதிரி! எனக்கு நீஞ்சத் தெரியாது தொரைன்னேன். "நீ எதுக்கு நீஞ்சணும்? உக்காந்து ஜாடிய எண்ணிக்கிட்டு வா"ன்னுட்டாரு.

அது தொங்கானுண்ணே, மோட்டார் வச்ச பெரிய மரப்படகு. முன்னால முப்பது பீப்பா மண்ணெண்ணயும் டீசலும். பின்னால இருவது ஜாடி ஆசிட்டு. கண்ணாடி ஜாடி! ஒவ்வொண்ணும் என் வயித்த விடப் பெருசு. வைக்கோல் சுத்திக் கூடையில வச்சிருந்தானுங்க. ஒண்ணு ஒடஞ்சாக் காலு வெந்துரும். நடுவுல நானு. முன்னால திரும்புனா எரிஞ்சு சாவுறது, பின்னால திரும்புனா வெந்து சாவுறது, பக்கவாட்டுல விழுந்தா முழுகிச் சாவுறது. எந்தப் பக்கம் பாத்துப் படுக்கிறதுன்னே தெரியல.

நெருப்பு ஆகாதுன்னு அடுப்பும் கெடையாது. வெறும் அவலும் வெல்லமும். ரெண்டாம் வேளையே வயித்தப் பொரட்டிருச்சு. தின்னது, திங்காதது எல்லாம் கடலுக்கே போச்சு. அப்ப அந்த செராங்கு வந்து... அத ஏன் இப்ப சொல்லிக்கிட்டு... அவரு சாப்பாட்டுக்கு வச்சிருந்த நாரத்தங்கா ஊறுகாய எனக்குக் குடுத்தாரு. உருண்டு விழுந்துடுவேன்னு அவரு கைலியாலயே என் இடுப்பக் கம்பத்தோட சேத்துக் கட்டிவிட்டாரு. நல்ல மனுஷன்தான். அதுக்காக ஒரு தீக்குச்சி குடுத்தாரா? குடுக்கலையே!

இருங்க, விஷயத்துக்கு வர்றேன். ரெண்டு நாளாக் குப்புறவே கெடந்தேனா... மூணாம் நாள் காலையிலதான் நிமிந்து மேல பாக்குறேன். கம்பத்து உச்சியில செவப்புக் கொடி! படபடன்னு பறக்குது!

எந்தக் காலத்துலண்ணே? இந்தக் காலத்துல! தோட்டத்துல ஒரு செவப்புத் துண்டக் காயப் போட்டா, யாருதுன்னு போலீஸு வந்து கேக்குறான். எம் பொண்டாட்டி தாயம்மா கல்யாணச் சீலைய எடுத்துப் பொட்டிக்கு அடியில பூட்டி வச்சிருக்கா. இந்த செராங்கு பாய் என்னடான்னா, கடலுக்கே தெரியற மாதிரி கம்னிஸ்ட்டுக் கொடியப் பறக்க விட்டுருக்காரு! எனக்குக் கையும் ஓடல காலும் ஓடல. அவரு மோட்டாருகிட்டக் குனிஞ்சுக்கிட்டு இருந்தாரு. கேட்டிருக்கலாம். கேட்டிருக்கலாம்ல? கேக்கல. கயித்த அவுத்தேன், கொடி எறங்கிச்சு, மடிச்சேன், பதினோராம் நம்பர் கூடையில வைக்கோலுக்குள்ள சொருகிட்டேன். இந்த மனுஷன ஜெயில்லேர்ந்து காப்பாத்திட்டோம்னு வேற ஒரு நெனப்பு!

போர்ட்டிக்சன்ல வந்து நின்னா ஆளாளுக்குக் கத்துறான். "எங்கடா கொடி, எங்கடா கொடி?" அப்பதான் தெரியுது. எண்ணெயும் ஆசிட்டும் ஏத்துற படகு செவப்புக் கொடி கட்டணுமாம். கிட்ட வராதே, நெருப்புக் காட்டாதேன்னு அர்த்தமாம். சட்டமாம்! எங்க படகுல கொடியக் காணோமா... பக்கத்துல ஒரு மீன் படகுக்காரன், எங்க மண்ணெண்ணப் பீப்பாவுக்கு ஒரு கை நீளம் தள்ளி, கருவாடு சுட்டுக்கிட்டு இருக்கான்! பாய் ரெண்டு கையையும் விரிச்சுக்கிட்டு, "காத்து அடிச்சிட்டுப் போயிருக்கும்"ங்கிறாரு. நான்? நான் ஜாடிய எண்ணிக்கிட்டு இருந்தேன். வேல இருந்துச்சுல்ல.

அப்பறமா எடுத்துக் கடாசிடலாம்னுதான் இருந்தேன். ஆளு அசந்தாத்தானே! போலீஸ் காவலோட லோரியில ஏத்தி, தோட்டத்துக்கே கொண்டாந்துட்டாங்க. கேட்டுல சோதன. காட்டுக்காரனுங்களுக்கு அரிசி கடத்துறோமான்னு வைக்கோலக் கிண்டுறான். வந்துச்சுண்ணே வெளிய, முழுசா, மடிப்புக் கலையாம. போலீஸ்காரன் துப்பாக்கிய நீட்டிட்டான். "யாரோடது?"

துப்பாக்கி ஓட்டைய நேருக்கு நேரா பாத்திருக்கீங்களா? சின்ன ஓட்டதான். ஆனா அதத் தவிர வேற எதுவும் கண்ணுக்குத் தெரியாது. சொல்லிட்டேன். "படகுல உள்ளது, படகுக்காரரக் கேளுங்க"ன்னு.

பொய்யா? பொய் இல்லையே! படகுல உள்ளதுதானே! என்னண்ணே அப்படிப் பாக்குறீங்க...

அன்னிக்கே போர்ட்டிக்சன் ஸ்டேஷன்ல புடிச்சு வச்சுட்டாங்க பாய. காட்டுக்காரனுங்களுக்குக் கொடி கடத்துனாராம். "என் படகுக் கொடிதான், யாரோ எடுத்து ஒளிச்சிருக்காங்க"ன்னு தொண்டை வறளக் கத்துறாராம். யாரு நம்புவா? நாலு நாளாச்சு. கப்பல்ல ஏத்தி நாடு கடத்திருவாங்கன்னு பேசிக்கிறாங்க.

சிலியாவ் தாண்டிருச்சோ?

நேத்தும் இதே ரயில்லதாண்ணே வந்தேன். போலீஸ் ஸ்டேஷன் வாசப்படி வரைக்கும் போயிட்டேன். காவலுக்கு நின்னவன், "என்ன வேணும்?"னான். "மணி என்ன?"ன்னேன். சொன்னான். திரும்பிட்டேன். முந்தாநாளும் அப்படித்தான், மணி கேட்டேன். இன்னிக்கும் கேட்டா அதுக்கே உள்ள வச்சிருவான். தாயம்மா சொல்லிட்டா, "இன்னிக்கு நீ சொல்லலன்னா நாளைக்கு நான் போய்ச் சொல்லுவேன்"னு. அவ செய்வா. நல்லாவே செய்வா.

என்னை உள்ள வச்சிருவாங்களா அண்ணே? நீங்க படிச்சவரு மாதிரி இருக்கீங்க. இப்படிச் சொல்றேன், சரியான்னு பாருங்க. "ஐயா, நான்தான் எடுத்தேன். கம்னிஸ்ட்டுக் கொடின்னு பயந்து எடுத்தேன். அப்பறம் அதச் சொல்லவும் பயந்துட்டேன்." கடைசியில வர்ற அந்தப் பயந்துட்டேன்ங்கிறத விட்டுடலாமா? வேண்டாமா? அதுதான் முக்கியங்கிறீங்களா? ம்... சரி.

வந்துருச்சு போர்ட்டிக்சன். நீங்க கெளம்புங்கண்ணே. நான் சித்த நேரம் இப்படியே உக்காந்துட்டு, அடுத்த ரயிலு எத்தன மணிக்குன்னு... அண்ணே, அது என் பை. என் பையண்ணே அது! எங்க தூக்கிட்டுப் போறீங்க? ஆட்டாமத் தூக்குங்க, பாய்க்குன்னு தாயம்மா மீன் கொழம்பு குடுத்து விட்டிருக்கா... அந்தப் பக்கம் போலீஸ் ஸ்டேஷனுல்ல? நீங்களும் வர்றீங்களா? உள்ள வரைக்குமா?

இருங்க, இருங்க, வர்றேன். ஆனா ஒண்ணு. வாசப்படியில நீங்க முன்னால போகாதீங்கண்ணே. எனக்குப் பின்னால நில்லுங்க. நான் திரும்புனா, நகராதீங்க.