இருநூத்தி நாப்பது தாள்

— பன்னெண்டு நாள் வேலை பாய். மழை பெஞ்சா சாயம் காயாதுனு ரெண்டு நாள் கூடச் சேத்து பதினாலுனு போட்டு வச்சேன். ஆறாம் நாளே முடிஞ்சிருச்சு, கொண்டுட்டு வாரேன்னு ஆள் விட்டு அனுப்புது வேலை எடுத்த சொர்ணலட்சுமியம்மா. எனக்கு இது நல்லதாப் படல.

— அரே பவுல்ராஜ், வேலை சீக்கிரம் முடிஞ்சா அல்லாவுக்கு நன்றி சொல்லணும். நல்லதாப் படலங்கற ஆளை இப்பத்தான் பாக்குறேன்.

— சும்மா இருங்க அக்பர் பாய். மெட்ராஸ்ல கார்ட்டூன் கம்பெனியில அஞ்சு வருசம் இந்தக் கணக்குதான் என் பொழப்பு. உங்க பூட்டு விளம்பரம் தியேட்டர்ல ஓடப்போறது இருபதே செகண்டு. பூட்டு அசையணும்னா செகண்டுக்குப் பன்னெண்டு படம், ஒவ்வொண்ணும் துளித்துளி மாறி. ஆக மொத்தம் இருநூத்தி நாப்பது. பென்சில்ல அம்புட்டையும் நான் வரைஞ்சு குடுத்துட்டேன். அது மேல கண்ணாடித் தாளை வச்சு மையில கோடு இழுக்கணும், காய வைக்கணும், சாயம் பூசணும், மறுபடி காய வைக்கணும். ஒரு ஆளுக்கு நாளைக்கு நாலு தாள்தான் ஓடும். அஞ்சு பொம்பளைக்கு இருபது. நீங்களே வகுத்துப் பாருங்க.

— சின்னாளபட்டிப் பொம்பளைக மியான்! ஒரு சுங்குடிச் சேலைக்கு ஆயிரக்கணக்குல முடிச்சுப் போடுற விரலு. நீ போட்டது மெட்ராஸ் விரலுக்குக் கணக்கு.

— விரலு வேகமா ஓடுனா சாயமும் வேகமாக் காயுமா? இல்ல பாய், வேலையை வேற யாருக்கோ பிரிச்சுக் குடுத்திருக்கு. நாலு கை பட்டிருக்கு. நாலு வாயும் பேசியிருக்கும்.

— நீ இப்படிச் சொல்றப்பதான்... என் மச்சான் ஒரு சேதி சொன்னான். உங்கிட்டச் சொல்ல வேணாம்னு இருந்தேன். வெள்ளிக்கிழமை அந்த சொர்ணலட்சுமியை எதிர்க்கடை வாசல்ல பாத்தானாம்.

— எதிர்க்கடையிலயா? பூட்டுக்கடையிலயா? பாத்தீங்களா, பாத்தீங்களா! முடிஞ்சது. பூட்டு வாயைத் தொறந்து சிரிக்கும், தலையை ஆட்டித் திருடனை வெரட்டும்னு ராத்திரி பகலா யோசிச்சு வச்சேனே. அதை அந்தாளுகிட்ட வித்துட்டு வருது.

— படம்னு சொல்லியா குடுத்த?

— அம்புட்டுக்கு நான் கேனயனா? பூட்டு டப்பாவுல ஒட்டுற லேபிளுன்னுதான் சொன்னேன். வரிசையையும் கலைச்சுப் போட்டுத்தான் குடுத்தேன். அப்படியும் மோப்பம் பிடிச்சிருச்சு போல.

— போனாப் போகுது மியான், மறுபடி வரைஞ்சா ஆச்சு.

— எதுல வரைய? அந்தக் கண்ணாடித் தாளு பம்பாயிலருந்து வந்து சேர ரெண்டு மாசமாச்சு. கேமராக்காரன் பதினஞ்சாந்தேதியை விட்டா தை மாசம்ங்கறான். உன் கணக்கு எப்பவும் இழுவைதான்டானு சொல்லி என்னை வெளிய அனுப்புனானே மெட்ராஸ் முதலாளி, தீபாவளிக்கு அவன் இந்தப் படத்தைப் பாக்கணும் பாய். பாத்துட்டு அவனே கூப்பிடணும். இல்லேன்னா திண்டுக்கல்லுல போர்டு எழுதியே நான் செத்துப்போவேன்.

— உஷ். அந்தா வருது. தலையில தகரப் பொட்டி.

— என்ன தம்பி, வாங்கனு ஒரு வார்த்தையக் காணோம்? பாய், நீங்களாச்சும் செத்த ஒரு கை குடுங்க. பஸ்ஸை விட்டு எறங்கி நடந்தே வாரேன், கழுத்து விட்டுப்போச்சு.

— யக்கா, பொட்டியைத் தொறங்க. மொதல்ல எண்ணணும்.

— எண்ணு. நல்லா எண்ணு. தண்ணி குடிக்கிறியான்னு கேக்காத.

— இருநூத்தி முப்பத்தெட்டு, முப்பத்தொம்பது, நாப்பது. சரி. எத்தனை பேர் கை பட்டுச்சு இதுல?

— அஞ்சு பேரு. நானு, ஒச்சாயி, ராமுத்தாய், அங்கம்மா, அவ நாத்தனா. நீ சொன்னபடியே கதவைச் சாத்திக்கிட்டு, பக்கத்து வீட்டுக்காரி மோருக்கு வந்தப்பக்கூடத் தொறக்கல. அவ இப்ப எங்கூடப் பேசுறதில்ல.

— அப்ப எதிர்க்கடைக்கு எதுக்குப் போனீங்க?

— பூட்டு வாங்க.

— யா அல்லா! நான் ஒருத்தன் பேகம்பூர்ல பூட்டுக்கடை வச்சிருக்கேன், அவன் பூட்டையா வாங்குன?

— வெள்ளிக்கிழமை மத்தியானம் உங்க கடை சாத்திக் கெடந்துச்சு பாய், நீங்க தொழுகப் போயிருந்தீக. பொட்டியைப் பூட்டு பூட்டுனு உசுரை எடுத்தது இந்தத் தம்பிதான். நான் என்ன செய்ய?

— சரி, அது போகட்டும். நாளைக்கு நாலுதான் ஓடும். உங்களுக்கு மட்டும் எட்டு ஓடியிருக்கு. எப்படி?

— பாய், செத்த நேரம் வெளிய இருக்கீகளா? தம்பிகிட்ட ஒரு வார்த்தை தனியாப் பேசணும்.

— பாத்தீங்களா! பாய், நகராதீங்க. எதுன்னாலும் அவரு முன்னாடியே சொல்லுங்க.

— வேணாம் தம்பி. உன் நல்லதுக்குத்தான் சொல்றேன்.

— என் நல்லதா? மடியில கனமில்லேன்னா வழியில பயம் எதுக்கு?

— அடப் பாவி. கனம் என் மடியில இல்லப்பா. சரி, கேளு. மொத நாளு எங்களுக்கும் நாலுதான் ஓடுச்சு. ஏன்னா ஒவ்வொரு தாளையும் உத்து உத்துப் பாக்க வேண்டியிருந்துச்சு. ஒண்ணுல பூட்டுக்கு வாய் மூடியிருக்கு, ஒண்ணுல லேசாத் தொறந்திருக்கு. ஒண்ணுல தலை ஒரு நெல்லளவு இந்தப் பக்கம், ஒண்ணுல அந்தப் பக்கம். ஒரே லேபிளுங்கற, இம்புட்டு தாள்ல ஒண்ணு ஒண்ணைப் போல இல்ல. ஒச்சாயி சிரிச்சா. வாயை மூடுறின்னு அதட்டுனேன்.

— ம்... அப்புறம்?

— எங்க வீட்டுக்காரருக்கு நடுக்குவாதம் வந்த வருசம் இப்படித்தான். ஒரு கோட்டை நேரா இழுக்க உக்காந்தா கை தன் போக்குல ஓடும். வெளிய சொல்ல மாட்டாரு. யாராச்சும் வந்தா கையை வேட்டி மடிப்புக்குள்ள ஒளிச்சுக்குவாரு. மெட்ராஸ்ல நல்லா இருந்த புள்ள ஏன் திரும்பி வந்துச்சுனு ஊரே கேட்டுச்சு, எனக்கு அன்னைக்குத்தான் வெளங்குச்சு. அழுதுட்டேன் தம்பி.

— யக்கா, என்ன செஞ்சீங்க? சொல்லுங்க, என்ன செஞ்சீங்க?

— பயப்படாத, நாங்க நாலு பேருகிட்டப் பேசுற ஆளுக இல்ல. அம்புட்டுலயும் நல்லா விழுந்திருந்த தாளு ஒண்ணைப் பொறுக்கி எடுத்தேன். அதைப் பாத்து அதே மாதிரி இன்னும் நாலு வரைஞ்சு, ஆளுக்கு ஒண்ணு அடியில வச்சுக்கிட்டோம். மொத நாளு போட்டதையும் அழிச்சுட்டு அது போலவே போட்டோம், கை பழகிருச்சு. அப்புறம் வேலை தன்னால ஓடுச்சு.

— பவுல்ராஜ்! அரே, ஏன் தரையில உக்காந்துட்ட? மூஞ்சி வெளுத்துப்போச்சே. தாளைக் கீழ வையி, கை இப்படி நடுங்குது!

— நடுங்கட்டும் பாய், அதட்டாதீக. இருநூத்தி நாப்பதும் இப்ப ஒரு மயிரிழை பிசகாம ஒண்ணு போலவே இருக்கு. தம்பி கையில கோளாறுன்னு இனிமே ஒருத்தரும் சொல்ல முடியாது.