பெரிய சாரங்கு தட்டும் நேரம்

இரவு இரண்டு மணி. பழைய சரக்குக் கப்பல் ஒன்று. ஆட்கள் தூங்கும் அறைகள் எல்லாம் பின்பக்கம். அங்கிருந்து முன்முனைக்குப் போக ஒரே வழிதான்... சரக்கறை மூடிகளுக்கும் ஓரக் கம்பிக்கும் நடுவே, ஓர் ஆள் மட்டும் நடக்கக்கூடிய நீளமான இரும்புச் சந்து. இந்தப் பக்கம் இரும்பு. அந்தப் பக்கம்... ஒன்றும் இல்லை. கீழே கறுப்பாகத் தண்ணீர்.

அந்தச் சந்தில், அந்த நேரத்தில், என் நண்பனின் சித்தப்பா தனியாக நடந்து போனார். பேயைத் தேடி அல்ல. ஒருத்தனைக் கையும் களவுமாகப் பிடித்து நாலு அறை விடுவதற்காக.

நண்பன் சொல்லிச் சொல்லி எனக்கும் அவர் சித்தப்பாவாகிவிட்டார். அப்படியே சொல்கிறேன். கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள். ஓரத்தில் இருப்பவர் அந்தக் கதவைச் சாத்திவிடுங்கள்.

சித்தப்பா அந்தக் கப்பலில் ஏறியதே ஒரு செத்தவனின் இடத்துக்கு. மேல்தளத்தில் வேலை செய்யும் ஆட்களுக்குத் தலைவனைச் சாரங்கு என்பார்கள். முன்னால் இருந்த சாரங்கைப் புயலில் ஓர் அலை வழித்துக்கொண்டு போய்விட்டது. உடல் கிடைக்கவில்லை. அடுத்த துறைமுகத்தில் சித்தப்பா ஏறினார். அவன் அறை. அவன் கட்டில். தலையணையில் அவன் தலையெண்ணெய் வாசனைகூடப் போகவில்லை.

அதையெல்லாம் பொறுத்துக்கொள்ளலாம். அந்தப் பேச்சைத்தான் பொறுக்க முடியவில்லை.

"பெரிய சாரங்கு கயித்த இப்படிச் சுருட்ட மாட்டாரு."

"பெரிய சாரங்கு இருந்திருந்தா இந்நேரம் பெயிண்ட் அடிச்சு முடிச்சிருப்போம்."

சமையல்காரர்கூடக் கரண்டியும் கையுமாக நின்று பெருமூச்சு விடுவார். செத்தவன் சித்தப்பாவைவிட வயதில் சின்னவன். ஆனாலும் அவன் பெரிய சாரங்கு. தலை நரைத்த இவர்... சின்ன சாரங்கு! முகத்துக்கு நேரே யாரும் சொல்வதில்லை. முதுகுக்குப் பின்னால் சொன்னாலும் காதில் விழத்தானே செய்யும்?

சித்தப்பாவுக்கு வயிறு எரிந்தது. உயிரோடு இருப்பவன்மேல் பொறாமைப்பட்டால் ஒரு நிம்மதி உண்டு. என்றைக்காவது அவன் வழுக்கி விழுவான், நாம் பார்த்துச் சிரிக்கலாம். செத்தவன் எங்கே விழப்போகிறான்?

பெரிய சாரங்குக்கு ஒரு வழக்கம் இருந்ததாம். சரக்கறை மூடிகளைச் சுற்றிலும் போல்ட்டுகள் இறுக்கியிருக்கும். தினமும் ராத்திரி ஒரு சுத்தியலோடு போய் ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்ப்பான். இறுக்கமாக இருந்தால் 'டங்' என்று கேட்கும். தளர்ந்திருந்தால் 'டொக்'. அந்தச் சத்தம் கேட்டால்தான் ஆட்களுக்கு நிம்மதியாகத் தூக்கம் வருமாம்.

சித்தப்பா தட்டவில்லை. பகலில் ஸ்பேனர் போட்டு இறுக்கியாயிற்று, ராத்திரியில் போய்த் தாலாட்டுப் பாட வேண்டுமா என்று விட்டுவிட்டார்.

ஒருநாள் காலையில் நெட்டையன் என்கிற மாலுமி வாயெல்லாம் பல்லாக வந்தான்.

"சாரங்கு, ராத்திரி தட்டிப் பாத்தீங்களே... அந்தச் சத்தத்துலதான் நாங்க நிம்மதியா தூங்கினோம். ரொம்ப நன்றி."

சித்தப்பா ராத்திரி கட்டிலைவிட்டு எழுந்திருக்கவே இல்லை.

ஆனால் அந்தக் கப்பலில் அவரை ஒருவர் பாராட்டியது அதுதான் முதல் தடவை. "ம்" என்றார். அவ்வளவுதான். அன்று சமையல்காரர் தட்டில் ஒரு துண்டு இறைச்சி கூடுதலாக வைத்தார். அடுத்த ராத்திரி சித்தப்பாவுக்கே கேட்டது... டங்... டங்... டங்... நிதானமாக, முன்பக்கம் நோக்கிப் போகிற சத்தம். போர்வையை இழுத்து மூடிக்கொண்டார். யாரோ ஒருத்தன் வேண்டுமென்றே விளையாடுகிறான் என்று நினைத்தார். பெயர் நமக்குத்தானே வருகிறது, வரட்டும் என்றும் நினைத்தார்.

சில நாள் அப்படியே ஓடியது. பிறகு நெட்டையன் சாப்பாட்டு மேஜையில் வாயைத் திறந்தான்.

"கண்ண மூடிக் கேட்டா அப்படியே பெரிய சாரங்கு தட்டுற மாதிரியே இருக்கு!"

சித்தப்பா சோற்றுத் தட்டைத் தள்ளி வைத்தார். தட்டாத சத்தத்துக்குக் கிடைத்த பெயரிலும் அவன்தான் வந்து உட்காருகிறானா?

அன்று ராத்திரிதான் இரண்டு மணிக்குக் கிளம்பினார்.

காற்றே இல்லை. துரு வாசனை... ஈரக் கயிற்று வாசனை. சத்தம் அவருக்குச் சற்று முன்னால் போய்க்கொண்டிருந்தது. டங்... இவர் ஓர் எட்டு வைத்தார். டங்... இன்னோர் எட்டு. டார்ச்சை அடித்தார். ஆள் இல்லை. சத்தம் வந்த போல்ட்டைத் தொட்டார். இன்னும் அதிர்ந்துகொண்டிருந்தது.

கடைசி மூடி. கப்பலின் முன்முனை.

டொக்.

சத்தம் அதற்குமேல் நகரவில்லை. டொக்... டொக்... ஒரே இடத்தில். கூப்பிடுகிற மாதிரி. வெளிச்சத்தில், அந்த போல்ட்டுக்குப் பக்கத்தில், ஒரு சுத்தியல் மட்டும் கிடந்தது. எடுத்தார். அதன் இரும்புத் தலை சொட்டச் சொட்ட நனைந்திருந்தது. கைப்பிடி மட்டும் வெதுவெதுப்பாக... யாரோ இப்போதுதான் கையிலிருந்து விட்டமாதிரி. பக்கத்தில் அந்தத் தலையெண்ணெய் வாசனை.

வேறொருவராக இருந்தால் ஓடியிருப்பார். சித்தப்பாவுக்குப் பயத்தைவிட எரிச்சல்தான் முந்திக்கொண்டு வந்தது.

"செத்தும் என்னை விடமாட்டியா? இது இப்ப என் கப்பல்டா!"

சுத்தியலைக் கடலில் வீசினார். திரும்பி வந்து படுத்துவிட்டார். அந்த போல்ட் தளர்ந்திருப்பது அவருக்குத் தெரியும். காலையில் போய்ப் பார்த்தார். பார்வைக்கு இறுக்கமாகத்தான் தெரிந்தது. கையை வைத்துப் பார்க்கவில்லை. வைத்தால் அவன் சொன்னது சரியென்று ஆகிவிடுமே!

அதற்குப் பிறகு ராத்திரிகளில் சத்தம் இல்லை. ஆட்கள் புரண்டு புரண்டு படுத்தார்கள்.

பிறகு புயல் வந்தது. யாரும் மேல்தளத்துக்குப் போகக் கூடாது என்று கேப்டன் சொல்லிவிட்டார். எல்லோரும் சாப்பாட்டு அறையில் கூடி உட்கார்ந்திருந்தார்கள். கப்பல் தலைகுப்புறப் போய் எழுந்தது. அந்த இரைச்சலுக்கு நடுவே...

டங்.

டங்... டங்... முன்பக்கம் நோக்கிப் போனது. கடைசியில், டொக். டொக். டொக். நிற்கவே இல்லை.

நெட்டையன் மெதுவாகத் திரும்பினான்.

"சாரங்கு... நீங்க இங்க இருக்கீங்களே. அப்ப வெளிய... யாரு?"

சித்தப்பா தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டார்.

"ஒருநாளும் நான் தட்டினதில்லடா. முன்னாடி மூடியில ஒரு போல்ட் லூசு. அது எனக்குத் தெரியும்."

அந்த மூடி பிய்த்துக்கொண்டால் முன்சரக்கறை நிரம்பும். தலை முங்கினால் கப்பல் திரும்ப எழாது. அதை அங்கே யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. கேப்டனிடம் சொன்னார்கள். அலை குறைவாக ஏறும்படி அவர் கப்பலைத் திருப்பிப் பிடித்தார். சித்தப்பா இடுப்பில் கயிற்றைக் கட்டிக்கொண்டு ஸ்பேனரோடு இறங்கினார். கதவருகே நெட்டையனும் மற்றவர்களும் மறுமுனையைப் பிடித்துக்கொண்டார்கள்.

தவழ்ந்துதான் போனார். போல்ட் விரலாலேயே சுழன்றது. முழு பலத்தையும் போட்டு இறுக்கினார். கடைசித் திருகு முடிந்தபோது ஓர் அலை... கப்பலின் முன்பாதியே தெரியவில்லை.

கதவருகில் கயிறு தொய்ந்தது. இழுத்தார்கள். அறுந்த நுனிதான் வந்தது.

"போயிட்டாருடா" என்றான் நெட்டையன்.

தண்ணீர் வடிந்தது. மூடிக்குப் பக்கத்தில் சித்தப்பா மண்டியிட்டிருந்தார். ஏதோ ஒன்று அவரை அந்த இடத்திலேயே நிறுத்தி வைத்திருந்தது. தவழ்ந்து தவழ்ந்து வந்தார். உள்ளே இழுத்துப் போட்டார்கள்.

அப்போதுதான் எல்லோரும் பார்த்தார்கள். அவர் இடுப்பில் இரண்டு கயிறுகள். ஒன்று இவர்கள் கட்டியது, அறுந்திருந்தது. இன்னொன்று பழையது. பாசி படிந்து, சிப்பிகள் ஒட்டி, அழுகிய கடல் நாற்றம். புதிதாகப் போட்ட முடிச்சு.

நெட்டையன் விளக்கைக் கிட்டே கொண்டுவந்தான்.

"இது... பெரிய சாரங்கு போடுற முடிச்சு."

அந்த நிலையிலும் சித்தப்பாவுக்கு நெஞ்சில் சுருக்கென்றதாம். அதை அவரே நண்பனிடம் சொல்லியிருக்கிறார். "உயிரு திரும்பி வந்த நேரம்டா. அப்பவும் அவன் பேருதான்."

அந்தப் பழைய கயிற்றின் மறுமுனை கதவைத் தாண்டி, ஓரக் கம்பியின்மேல் ஏறி, கடலுக்குள் இறங்கியிருந்தது. விறைப்பாக. அலையில் அவரைப் பிடித்து நிறுத்தியதா... இல்லை, தன்னிடம் இழுத்துக்கொண்டிருந்ததா? நண்பன் எத்தனையோ தடவை கேட்டிருக்கிறான்.

கத்தியை வாங்கிச் சித்தப்பாவே அறுத்தார்.

விறைத்திருந்த கயிறு... அறுந்ததும் சட்டென்று தெறித்து விழ வேண்டாமா? விழவில்லை. ஓரக் கம்பியின்மேல் மெதுவாக ஊர்ந்தது. கொஞ்சம்... நின்றது. கொஞ்சம்... நின்றது. கீழே, அந்த இருட்டில், யாரோ கைமாற்றிக் கைமாற்றி, சிக்கல் விழாமல், அழகாகச் சுருட்டி எடுத்துக்கொள்கிற மாதிரி.