மாலை அழைப்பு

என் அலுவலகக் கைபேசியை முழுதாகச் சார்ஜ் செய்தால் முப்பத்தொரு மணி நேரம் தாங்கும். அளந்து பார்த்திருக்கிறேன். அதனால் அது அணைந்து கிடந்தது என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். விசாரணைக் குழுவிடமும் இதைத்தான் சொன்னேன். அன்று மாலை அலுவலகக் கைபேசிக்கு எந்த அழைப்பும் வரவில்லை என்றும் சொன்னேன். இரண்டும் உண்மை.

இன்ஸ்பெக்டர், உங்களை வரச் சொன்னது நான்தான். என் மேல் யாருக்கும் சந்தேகம் கிடையாது. வெளியே பெஞ்சில் ஓர் அம்மா உட்கார்ந்திருக்கிறார். கதவைச் சாத்த வேண்டாம். எனக்குச் சின்னக் குரல். அவருக்கும் கேட்க வேண்டும்.

பல்கலைக்கழகத்திலிருந்து வெளிநாடு போகிறவர்களின் பாதுகாப்பு என் பொறுப்பு. நான் உடலியல் படித்தவள். என்ன ஊசி போட்டுக்கொள்ள வேண்டும், எந்த ஆஸ்பத்திரி பக்கத்தில் இருக்கிறது, குழாய்த் தண்ணீரைக் குடிக்கலாமா, எந்தத் தெருவில் தனியாக நடக்கக் கூடாது, எல்லாம் கிளம்புமுன் சொல்லி அனுப்புவேன். காடு மலை என்று போகிற குழுக்களுக்கு மட்டும் கூடுதலாக ஒரு விதி. தினமும் இருட்டுவதற்குள் ஒருமுறை என்னைக் கூப்பிட்டு, எல்லோரும் பத்திரம் என்று சொல்ல வேண்டும். கூப்பிடவில்லை என்றால் அந்த ஊர் மீட்புக் குழுவுக்கு நான் தகவல் கொடுக்க வேண்டும்.

நிலவியல் பேராசிரியர் ஒருமுறை கூப்பிடவில்லை. விதிப்படி தகவல் கொடுத்தேன். மீட்புக் குழு கொட்டும் மழையில் மலையேறிப் போய்ப் பார்த்தபோது அவர்கள் கூடாரத்துக்குள் சீட்டாடிக்கொண்டிருந்தார்கள். திரும்பி வந்ததும் துறைத் தலைவர்கள் கூட்டத்தில் அவர் எழுந்து, என்னைப் போலவே தோளைக் குறுக்கிக்கொண்டு, கீச்சுக் குரலில், "சார், உயிரோடதான் இருக்கீங்களா சார்?" என்றார். அறையே சிரித்தது. என் மேலதிகாரி கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். அன்றிலிருந்து என் பெயர் சைரன். கேன்டீனுக்குப் போனால், "வழி விடுங்கப்பா, சைரன் வருது" என்பார்கள். நான் கோபப்படவில்லை. எனக்குக் கோபம் வருவது குறைவு.

ஆனால் அதன் பிறகு யாரும் கூப்பிடுவதில்லை. நிலவியல்காரர்களைப் பார்த்துத் தாவரவியல்காரர்களும் விட்டுவிட்டார்கள். மாலையில் கைபேசியை மேசைமேல் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். வராந்தாவில் பெருக்குகிற சத்தம் கேட்கும். தகவல் கொடுக்கட்டுமா என்று மேலதிகாரியிடம் போய்க் கேட்பேன். "அவங்கல்லாம் நல்லாத்தான் இருப்பாங்கம்மா. மறுபடியும் மானத்த வாங்காத" என்பார். அவர் சொன்னபடியே எல்லோரும் நல்லபடியாகத் திரும்பி வந்தார்கள். சிக்கலே அதுதான்.

நோயைப் பார்த்தே இராத உடம்புக்கு நோயை எதிர்க்கத் தெரியாது. கொஞ்சம் உள்ளே விட்டால்தான் கற்றுக்கொள்ளும். தடுப்பூசி அப்படித்தான் வேலை செய்கிறது. எங்கள் பல்கலைக்கழகம் அந்த மாதிரி ஓர் உடம்பு என்று எனக்குத் தோன்றியது. யாருக்கும் நான் கெடுதல் நினைக்கவில்லை. சின்ன அளவு போதும் என்றுதான் நினைத்தேன்.

அடுத்த வருடம் அதே பேராசிரியர் ஆறு பேரைப் பனிமலைக்கு அழைத்துப் போனார். கிளம்புமுன் நான் நடத்தும் கூட்டத்துக்கு வந்தது ஒரே ஒருத்தி. ஆராய்ச்சி மாணவி. ஒல்லியாக இருப்பாள், வாய் ஓயாது. தோழிகள் அவளை ரேடியோ என்று கூப்பிடுவார்களாம். "உங்களுக்கு சைரன், எனக்கு ரேடியோ. நாம ரெண்டு பேரும் சேர்ந்து ஒரு எலக்ட்ரிக் கடை போடலாம்க்கா" என்றாள். என் முகத்துக்கு நேராக ஒருவர் அந்தப் பெயரைச் சொல்லி, நானும் சேர்ந்து சிரித்தது அன்றுதான்.

அவளுக்கு உயரத்தில் வரும் நோயைப் பற்றிச் சொன்னேன். தலைவலி நிறையப் பேருக்கு வரும், பார்த்துக்கொள்ளலாம். ஆனால் படுத்தால் மூச்சு முட்டினாலோ, நெஞ்சுக்குள் தண்ணீர் கொதிக்கிற மாதிரி சத்தம் கேட்டாலோ, நுரையீரலில் நீர் கோத்துவிட்டது என்று அர்த்தம். யார் அனுமதியும் வேண்டாம், அந்த நிமிடமே இறங்கிவிட வேண்டும், விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது. அவள் அதை ஒரு வார்த்தை பிசகாமல் திருப்பிச் சொன்னாள். சந்தேகம் வந்தால் கேட்கலாமா என்றாள். கேட்கலாம் என்றேன்.

மலையில் குழுவின் போன் பேராசிரியரிடம் இருந்தது. "சைரனுக்கு லீவு" என்று சொல்லி அதை அணைத்துப் பைக்குள் போட்டுவிட்டார் என்று மற்ற மாணவர்கள் பிறகு சொன்னார்கள். நான்கு மாலைகள் அழைப்பு இல்லை. தினமும் மேலதிகாரியிடம் சொன்னேன். அவர் தினமும் வேண்டாம் என்று கையை ஆட்டினார். ஐந்தாம் நாள் காலை, மலை விடுதியின் படுக்கையில் அந்தப் பெண் இறந்து கிடந்தாள். முந்தின நாள் மதியத்திலிருந்தே முடியவில்லை என்றிருக்கிறாள். தூங்கி எழுந்தால் சரியாகிவிடும் என்றிருக்கிறார் பேராசிரியர்.

அவரை வேலையிலிருந்து நீக்கினார்கள். விசாரணைக் குழுத் தலைவர் எல்லோர் முன்னிலையிலும் என்னிடம் மன்னிப்புக் கேட்டார். எனக்குத் தனி அறை கொடுத்தார்கள், இதே அறைதான். இப்போது சாயங்காலம் ஆனால் கைபேசி ஓய்வதில்லை. மேலதிகாரி சொந்த வேலையாகப் பக்கத்து ஊருக்குப் போனால்கூட, "வந்து சேந்துட்டேம்மா" என்கிறார். போன வருடம் வேறொரு மலையில் ஓர் இளம் விரிவுரையாளருக்கு அதே மூச்சுமுட்டல் வந்தது. உடனே கீழே கொண்டுவந்துவிட்டார்கள். பிழைத்தார். எனக்குச் சாக்லேட் கொண்டுவந்து கொடுத்தார். இதைக் கணக்கில் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்று நினைக்கிறேன்.

இதோடு விஷயம் முடிந்திருக்கும். ஆனால் வெளியே இருக்கிற அந்த அம்மா மாதம் ஒருமுறை தையல் கடையைப் பூட்டிவிட்டு இரண்டு பஸ் மாறி இங்கே வருகிறார். நஷ்டஈடு கேட்பதில்லை. பேராசிரியரைத் திட்டுவதுமில்லை. ஒரே கேள்விதான்.

"அவ முக்குக் கடைக்குப் போனாக்கூட போய்ட்டேன்னு போன் பண்ற பொண்ணும்மா. வாய் மூடாது. அன்னிக்கு மட்டும் ஏன் யாரையும் கூப்பிடல?"

அங்கே சிக்னல் கிடைத்திருக்காது என்று முதல் மாதம் சொன்னேன். அவர் அதைப் பிடித்துக்கொண்டார்.

"நான்தான் என் பழைய போனக் குடுத்து அனுப்பினேன். புதுசு வாங்கிக் குடுத்திருந்தா சிக்னல் கெடச்சிருக்கும், இல்லம்மா?"

ஒவ்வொரு மாதமும் இதைக் கேட்கிறார். இப்போது அவர் சரியாகச் சாப்பிடுவதில்லை. எனக்குக் குற்ற உணர்ச்சி என்று நீங்கள் நினைத்துவிடக் கூடாது. ஒருவர் தவறான காரணத்தை நம்பிக்கொண்டிருப்பது எனக்குப் பிடிக்கவில்லை. அவ்வளவுதான்.

விசாரணைக் குழு கேட்டது அலுவலகக் கைபேசியைப் பற்றி மட்டும். எனக்குச் சொந்தமாக இன்னொன்று இருக்கிறது. சந்தேகம் வந்தால் கேட்கலாம் என்று சொன்ன அன்று அந்த எண்ணைத்தான் அவளுக்குக் கொடுத்தேன்.

அன்று மாலை விடுதிக்காரரின் போனிலிருந்து அவள் கூப்பிட்டாள். முதல் மணியிலேயே எடுத்தேன். ஒவ்வொரு சொல்லுக்கும் நடுவில் நிறுத்தி மூச்சு வாங்கிக்கொண்டு பேசினாள். ரேடியோ அப்படிப் பேசி நான் கேட்டதில்லை.

"அக்கா, படுக்க முடியல. நெஞ்சுக்குள்ள தண்ணி கொதிக்குது. அம்மாகிட்ட சொல்லல, பயந்துடும். விடுதிக்காரர் குதிரைய அவுத்து நிறுத்தி, கீழ போன்னு கையக் காட்றார். சார் காலையில பாத்துக்கலாம்ங்கறார். நீங்க அன்னிக்கு சொன்னது இதானா? நான் இறங்கிடவாக்கா?"

அதுதான் என்று எனக்குத் தெரிந்தது. படித்தவளுக்குத் தெரியாமல் இருக்காது. இறங்கினால் பிழைத்துவிடுவாள். பிழைத்துவிட்டால், மறுபடியும் எல்லோரும் நல்லபடியாகத் திரும்பி வந்துவிடுவார்கள்.

"அது இல்லம்மா, வெறும் சளிதான். சார் சொல்றத கேளு. போய்ப் படு" என்றேன்.

"நீங்க சொன்னா சரிக்கா" என்றாள்.